பாட்டு இல்லாத பள்ளிக்கூடம்

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்குக் கிடைத்த முதல் வேலை என்ன வேலை என்று என் அம்மாவுக்கு என்னால் கடைசி வரை புரியவைக்க முடியவில்லை. பாட்டும் நாடகமும் சொல்லிக்கொடுத்தால் கிராமத்துப் பிள்ளைகள் தமிழ் வாசிக்கச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்களா என்று பார்க்க வேண்டும், அதுதான் வேலை என்றேன். "கத்துக்குவாங்கன்னு எல்லாருக்கும் தெரியுமே, அதப் பாக்க எதுக்கு ஒரு ஆளு?" என்றாள். தெரிந்தால் போதாது, நிரூபிக்க வேண்டும் என்றேன். யாரிடம் என்று கேட்டாள். 

நிரூபிக்க வேண்டும் என்று முடிவு செய்தவர் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் கல்வியியல் பேராசிரியை. நான் தமிழில் எம்.ஏ.வும் பிறகு எம்.எட்.டும் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். காஞ்சிபுரத்துப் பெண், தினமும் பஸ்ஸில் போய்வந்துவிடுவாள், தங்க இடம் பார்க்கிற வேலை மிச்சம் என்றுதான் என்னைத் தேர்ந்தெடுத்தார் என்பது பிறகு தெரிந்தது. நல்ல மனுஷி. கோபமே வராது. நாம் சொல்வதை முழுக்கக் கேட்பார். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைப்பார். பிறகு, முதலில் தான் சொன்னதையே திரும்பச் சொல்வார். கோபப்படுகிறவர்களோடு வேலை செய்வது இதைவிடச் சுலபம்.

ஏற்பாடு இதுதான். உத்திரமேரூர்ப் பக்கத்தில் இரண்டு தொடக்கப் பள்ளிகள். ஊர்ப் பெயர்கள் வேண்டாம். ஒன்று பஸ் போகிற ரோட்டை ஒட்டி இருந்தது. இன்னொன்று ஏரிக்கரையைத் தாண்டி உள்ளே. நான் திருப்புலிவனத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் இரண்டுக்கும் நடந்தே போய்விடலாம். ரோட்டோரப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாட்டு, நாடகம், படம் வரைதல் வழியாகத் தமிழ். ஏரிக்கரைப் பள்ளியில் அதே மூன்றாம் வகுப்புக்குப் புத்தகத்தில் இருக்கிறபடி தமிழ். வருஷக் கடைசியில் இரண்டு வகுப்புக்கும் ஒரே தேர்வு வைத்து, பாட்டு கிடைத்தவர்கள் எவ்வளவு முன்னால் போயிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பாட்டு கிடைத்த பள்ளிக்குச் சோதனைப் பள்ளி என்று பெயர். கிடைக்காத பள்ளிக்குக் கட்டுப்பாட்டுப் பள்ளி.

இந்த இரண்டாவது பெயரில்தான் முதல் தொல்லை ஆரம்பித்தது.

ஏரிக்கரைப் பள்ளியின் தலைமையாசிரியர் ஐம்பதைத் தாண்டியவர். அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். பள்ளியில் சத்தம் இருக்கக் கூடாது என்பது அவருடைய ஒரே கொள்கை. மரத்தடியில் நிற்கிற ஆடு கத்தினால்கூட வெளியே வந்து யாருடைய ஆடு என்று கேட்பார். அவருடைய பள்ளி 'கட்டுப்பாட்டுப் பள்ளி'யாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்று அதிகாரிகளின் அனுமதிக் கடிதத்தில் படித்ததும் மனுஷனுக்கு நிலைகொள்ளவில்லை. பெற்றோர் கூட்டத்தில் அறிவித்தார். போதாதென்று, சுவரில் கட்சி விளம்பரம் எழுதுகிற ஆளைக் கூப்பிட்டு, பள்ளிப் பெயருக்குக் கீழே நீலப் பெயிண்டில் 'கட்டுப்பாட்டுப் பள்ளி' என்று கொட்டை எழுத்தில் எழுதவும் வைத்துவிட்டார்.

கட்டுப்பாடு என்றால் ஒழுக்கம் இல்லை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எதுவும் மாற்றாமல் வைத்திருப்பது என்று அன்றைக்கே அவரிடம் விளக்கினேன். கவனமாகக் கேட்டார். "அதாம்மா நானும் சொல்றேன். இங்க எதுவும் மாறாது" என்றார்.  பேராசிரியையிடம் போனில் சொன்னேன். ஆய்வுக்கு அதனால் பாதிப்பு இல்லை என்றார்.

வாரத்தில் ஒரு நாள் நான் ஏரிக்கரைப் பள்ளிக்கும் போக வேண்டும். வெளியூரிலிருந்து ஒருத்தி வருகிறாள் என்ற உற்சாகத்திலேயே ஒரு பள்ளிப் பிள்ளைகள் நன்றாகப் படித்துவிட்டால் கணக்கு தப்பிவிடுமாம். அதனால் இரண்டு பள்ளிக்கும் அந்த உற்சாகத்தைச் சமமாகக் கொடுக்க வேண்டும். அங்கே போய் நான் என்ன செய்ய வேண்டும் என்று பேராசிரியையிடம் கேட்டேன். ஒன்றும் செய்யக் கூடாது, உட்கார்ந்திருக்க வேண்டும் என்றார். உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்த்தேன். வகுப்பாசிரியை, நான் தன்மேல் புகார் எழுத வந்தவள் என்று முடிவுகட்டி, நான் வரும் நாளில் மட்டும் சத்தமாகப் பாடம் நடத்தினார்.

ரோட்டோரப் பள்ளியில் வேறு மாதிரித் தலைவலி. பாட்டு சொல்லித்தர ஒரு இசை ஆசிரியரைப் பேராசிரியை ஏற்பாடு செய்திருந்தார். முறையாகச் சங்கீதம் படித்தவர். காஞ்சிபுரத்திலிருந்து நான் வருகிற பஸ்ஸிலேயே ஆர்மோனியப் பெட்டியோடு ஏறுவார். அதற்கு லக்கேஜ் டிக்கெட் உண்டா இல்லையா என்று கண்டக்டரோடு ஐயங்கார்குளம் வரைக்கும் வாக்குவாதம் நடக்கும். பஸ்ஸே எங்களைத் திரும்பிப் பார்க்கும். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அவருக்குச் சுருதிதான் உயிர். அந்தப் பிள்ளைகள் வயலில் ஒரு வரப்பிலிருந்து இன்னொரு வரப்புக்குக் குரல் கொடுத்துப் பழகியவர்கள். ஆர்மோனியத்தில் அவர் ஒரு கட்டையை அழுத்தி 'ஸா' என்றால், அவர்கள் தொண்டை நரம்பு புடைக்க ஆளுக்கு ஒரு 'ஸா' போடுவார்கள். அவர் காதைப் பொத்திக்கொள்வார். மறுபடி முதலிலிருந்து. ஜூன் போய் ஜூலையும் போனது. பாட்டு என்று ஒரு வரிகூட அந்த வகுப்பு பாடவில்லை. ஸரிகமபதநி மட்டும் போய்க்கொண்டிருந்தது. பாட்டு மூலமாக வாசிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் திட்டம், இவர்களைக் கச்சேரிக்குத் தயார் செய்வதில்லை என்று பக்குவமாகச் சொல்லிப்பார்த்தேன். "சுருதி சேராம சொல்லிக் குடுத்தா அதுக்குப் பேரு கூச்சல். கூச்சலுக்கு எதுக்கும்மா ஆராய்ச்சி?" என்றார்.

கடைசியில் நானே ஒரு பாட்டு எழுதினேன். ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் போகிற கலங்கல் வழியாக வழிவதைப் பற்றிய பாட்டு. பேராசிரியை அதைத் திருத்தி, மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் வருகிற சொற்கள் போதுமான அளவுக்கு வரும்படி செய்தார். இசை ஆசிரியர் ராகத்துக்கு ஒத்துவராத இடங்களில் நெடிலாக மாற்றச் சொன்னார். மூன்று பேர் மூன்று பக்கம் இழுத்த பாட்டு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது:

ஏரி நிறைந்து வழிகிறதே,
எங்கே செல்கிறாய் நீரே நீ?
கலங்கல் மீது பொங்கியபடி
கழனிக்குள்ளே புகுந்தபடி.

பிள்ளைகள் இதைப் பாடினார்கள், மருந்து குடிக்கிற முகத்தோடு. ஆனால் மணி அடித்து அவர் பெட்டியை மூடியதும், தண்ணீர்க் குழாயடியில் அதே பாட்டு வேறு மாதிரிக் கேட்டது. தாளம் மாறியிருந்தது. வார்த்தையும் மாறியிருந்தது.

ஏரி ரொம்பி வயியிது பார்,
எங்க போற தண்ணியே நீ?
கலங்க மேல பொங்கிக்கினு
கயினிக்குள்ள பூந்துக்கினு
நண்டு வங்குல நொயிஞ்சிக்கினு...

நண்டு வங்கு, அதாவது நண்டுப் பொந்து, அவர்களே சேர்த்தது. எங்கள் மூன்று பேருக்கும் வராத ஓசை, அவர்கள் வீட்டில் பேசுகிற 'கினு'வில் தானாக வந்து உட்கார்ந்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இசை ஆசிரியருக்கு இல்லை. பேராசிரியையிடம் சொன்னபோது, சுவாரஸ்யமாக இருக்கிறது, ஆனால் தேர்வு எழுத்துத் தமிழில்தான் என்று நினைவூட்டினார்.

அந்தத் தேர்வைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வருஷத்துக்கு நடுவில் ஒரு முன்னோட்டத் தேர்வு வைத்தோம். அட்டையில் ஒரு சொல் இருக்கும். பிள்ளை அதை உரக்க வாசிக்க வேண்டும். உச்சரிப்பு தப்பினால் மதிப்பெண் கிடையாது. 'பழம்' என்று எழுதிய அட்டையைக் காட்டினேன். ஒரு பையன் யோசிக்காமல் "பயம்" என்றான். 'மழை' என்ற அட்டைக்கு "மய" என்றான். பழம் என்றால் எது என்று படங்களைக் காட்டிக் கேட்டேன். வாழைப்பழத்தின்மேல் விரலை வைத்தான். வாசிக்கத் தெரிகிறது, பொருளும் தெரிகிறது. விதிப்படி இரண்டுக்கும் பூஜ்யம். அந்த ஊர்ப் பக்கத்தில் பாதிப் பேர் 'வாயப்பயம்' என்றுதான் வாங்கித் தின்கிறார்கள், இது வாசிப்புத் தவறு இல்லை என்று நான் போனில் கத்தாத குறையாகச் சொன்னேன். பேராசிரியை பொறுமையாகக் கேட்டார். அவர் கண்ணாடி துடைக்கிற சத்தம் போனில் கேட்பது போலவே எனக்குத் தோன்றியது. இரண்டு பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதே விதிதான், ஆகவே ஒப்பீட்டுக்குப் பாதிப்பு இல்லை என்றார். அது சரிதான். அவர் சொல்வது எப்போதுமே ஒரு வகையில் சரியாக இருந்ததுதான் என்னை அதிகம் படுத்தியது.

பூசலே இனிமேல்தான். ஒரு வெள்ளிக்கிழமை ஏரிக்கரைப் பள்ளியில் வழக்கம்போல் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். சத்துணவுக்கு மணி அடித்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். யாரோ தட்டைத் தட்டினார்கள். அடுத்த நிமிஷம் வரிசை முழுக்கப் பாடியது. கலங்க மேல பொங்கிக்கினு, கயினிக்குள்ள பூந்துக்கினு. அங்கே ஒரு வரி கூடவே சேர்ந்திருந்தது: "சாரு சைக்கிள தள்ளிக்கினு." மழைக்காலத்தில் தலைமையாசிரியர் சைக்கிளைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு வருவதைத்தான் சொன்னார்கள்.

பாட்டு இல்லாத பள்ளியில் பாட்டு.

எப்படி வந்தது என்று விசாரித்தால் அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. இரண்டு ஊர்க் காலனியிலும் ஆட்கள் ஒரே கழனிகளுக்குத்தான் நடவுக்குப் போகிறார்கள். சனி ஞாயிறுகளில் பிள்ளைகளும் கூடப் போகிறார்கள். ரோட்டோர ஊரில் ஒரு சின்ன சர்ச் இருக்கிறது. இரண்டு ஊரிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறார்கள். ஜெபம் முடிந்து பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது பிள்ளைகள் வெளியே விளையாடுவார்கள். இரண்டு பள்ளிக்கும் நடுவே ஒரு ஏரி இருக்கிறது, ஆகவே ஒன்றுக்கொன்று தொடர்பு இருக்காது என்று வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்தவர்கள், அந்த ஏரிக்குக் கரை இருக்கிறது என்பதையும் கரைமேல் ஆட்கள் நடப்பார்கள் என்பதையும் யோசிக்கவில்லை.

உத்திரமேரூர் பஜாரில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேராசிரியைக்குப் போன் செய்தேன். ஆய்வு கலப்படமாகிவிட்டது என்றார். குரலில் முதல்முறையாக ஒரு வருத்தம். கட்டுப்பாட்டுப் பள்ளியில் அந்தப் பாட்டைப் பாட வேண்டாம் என்று தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொள்ளச் சொன்னார். நான் தமிழ் படித்தது, ஒரு ஊரில் பிள்ளைகள் பாடுவதை நிறுத்தச் சொல்வதற்குத்தானா என்று பூத்துக்கு வெளியே நின்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் போனேன். சம்பளம் வாங்குகிறேன், வேறென்ன செய்வது.

தலைமையாசிரியர் பாட்டு விஷயத்தில் என் பக்கம் இருப்பார் என்று எதிர்பார்த்தேன். சத்தமே பிடிக்காதவர் ஆயிற்றே. அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, ஏன் பாடக் கூடாது என்று விளக்கமாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். இந்த முறை 'கட்டுப்பாடு' என்றால் என்ன என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் மாறியது. 

"அப்போ அந்தப் பசங்களுக்கு எல்லாம் குடுக்கறது. எம் பசங்களுக்கு ஒண்ணும் குடுக்காம வெச்சி, இன்னா ஆவறாங்கன்னு பாக்கறது. அதானேம்மா?"

அப்படி இல்லை சார், பலன் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அடுத்த வருஷம் இங்கேயும் வரும் என்றேன்.

"அடுத்த வருசம் இவுங்க நாலாவதுக்குப் பூடுவாங்களே" என்றார்.

அனுமதிக் கடிதம் மேலிடத்திலிருந்து வந்தது என்பதால் மறுநாள் காலைப் பிரார்த்தனையில் அந்த ஏரிப் பாட்டைப் பள்ளியில் யாரும் பாடக் கூடாது என்று அறிவித்தார். அதற்கு மேல் என்ன நடக்கும் என்று எந்த ஆறு வயதுப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லியிருக்கும். அதுவரைக்கும் மூன்றாம் வகுப்பு மட்டும் பாடியது. அறிவிப்புக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும் பாடினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பாடினார்கள், ஏனென்றால் பள்ளியில்தானே பாடக் கூடாது.

அடுத்த வாரம் நான் போனபோது தலைமையாசிரியர் அறையில் ஒரு பெண் நின்றிருந்தாள். கூலி வேலைக்குப் போகிற பெண். நடவிலிருந்து நேராக வந்திருக்கிறாள், புடவையில் சேறு காய்ந்திருந்தது. மூன்றாம் வகுப்பில் அவளுடைய மகள் படிக்கிறாள். பெண்ணின் டி.சி.யைக் கொடுங்கள், ரோட்டோரப் பள்ளியில் சேர்க்கப் போகிறேன் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியர் என்னைக் கைகாட்டி, இந்த அம்மாவைக் கேள் என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தார்.

அவள் கோபமாகப் பேசவில்லை. சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டாள். "அந்த ஸ்கூல்ல பாட்டு சொல்லித் தராங்க, படம் போட கலரு குடுக்கறாங்க. இங்க பாடுனா வாணான்றாங்க. இது இன்னா டீச்சர்?"

ஆராய்ச்சி என்றேன். மருந்து கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் பார்த்தால்தானே மருந்து வேலை செய்கிறதா என்று தெரியும், அதுபோல என்றேன். பாட்டைப் பற்றிப் பேச மருந்தை இழுத்ததே எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் வேறு வழி தோன்றவில்லை. அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

"செரி. எம் பொண்ணு இன்னாத்துக்கு ஒண்ணும் இல்லாம குந்திக்கினு இருக்கணும்? இந்த வருசம் பூட்டா அவளுக்கு மூணாவது திரும்ப வருமா?"

இவளும் தலைமையாசிரியர் கேட்டதையேதான் கேட்டாள்.  அவள் டி.சி. வாங்கிக்கொண்டு போனாள். அவளைப் பார்த்து இன்னும் சில வீட்டார் வந்தார்கள். அவர்களில் ஏரிக்கு அந்தப் பக்கம் குடிசை போட்டிருந்த இருளர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் உண்டு. அவர்களைப் பள்ளியில் சேர்க்கத் தலைமையாசிரியர் முந்தின வருஷம் சைக்கிளில் அலையாய் அலைந்திருந்தார். மாணவர் எண்ணிக்கை குறைந்தால் ஒரு ஆசிரியர் பணியிடமும் போகும். அவர் என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார். சென்னையில் பேராசிரியைக்கும் சங்கடம்: கட்டுப்பாட்டுக் குழுவில் இருந்தவர்கள் சோதனைக் குழுவுக்குப் போனால் அவர்களை எந்தக் குழுவில் சேர்ப்பது? ஆளுக்கு ஆள் என்னிடம் கேட்டார்கள். நான் யாரிடம் கேட்பது?

பிறகு மழை வந்தது. அந்த வருஷம் ஐப்பசியிலேயே ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் கலங்கல் வழியாகப் பாதையில் ஓடியது. ஏரிக்கரைப் பக்கத்திலிருந்து ரோட்டோரப் பள்ளிக்குப் போகும் வழி அடைபட்டது. பெரியவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடந்தார்கள். பிள்ளைகளை யாரும் அனுப்பவில்லை. டி.சி. வாங்கிப் போன பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். இசை ஆசிரியர், ஆர்மோனியம் நனைந்தால் துருத்தி போய்விடும் என்று வருவதை நிறுத்தியிருந்தார். பேராசிரியை போனில் எத்தனை வகுப்புகள் நடந்தன என்று கேட்டார்.

அந்தப் பெண்ணைக் கடைத்தெருவில் பார்த்தேன். சாக்குப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றிருந்தாள். "பேஜாரா பூட்ச்சி டீச்சர். அந்த ஸ்கூலும் இல்ல, இந்த ஸ்கூலும் இல்ல" என்றாள். என்மேல் பழி போடுகிற தொனியே இல்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலாம் போல இருந்திருக்கும்.

நானும் கயிற்றைப் பிடித்துத் தண்ணீரைக் கடந்து நேரே தலைமையாசிரியரிடம் போனேன். தண்ணீர் வடிகிற வரைக்கும் அந்தப் பிள்ளைகளை இங்கேயே உட்கார வையுங்கள் என்று கேட்டேன். பெயர் அங்கே, பிள்ளை இங்கே, அதிகாரி வந்தால் நான் என்ன சொல்வது என்றார். கொஞ்சம் திட்டினார். ஆராய்ச்சி என்று வருகிறவர்கள் ஊரைக் கலைத்துவிட்டுப் போவதைப் பற்றி நீளமாகச் சொன்னார். எல்லாம் கேட்டுக்கொண்டேன். மறுநாள் அந்தப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள். சாப்பாடும் போட்டார்கள்.

இன்னொரு மாற்றமும் இருந்தது. கதவருகே போகும்போதே பாட்டுச் சத்தம். மூன்றாம் வகுப்பு முழுக்கப் பாடிக்கொண்டிருந்தது. தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கரும்பலகையில் ஏரிப் பாட்டு, பிள்ளைகளுடைய வார்த்தைகளிலேயே எழுதியிருந்தது. ஒரு பிள்ளை குச்சியால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுக் காட்ட, மற்றவர்கள் பாடினார்கள். பாடிக்கொண்டே வாசித்தார்கள்.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவர் பேப்பரை மடித்தார்.

"நா சொல்லித் தரலம்மா. அவுங்க பாடறாங்க, நா கேட்டுக்கினு கீறேன். கேக்கக் கூடாதுன்னு ஒங்க மேடம் எங்கியும் எழுதலியே."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இன்னும் பிள்ளைகள் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் செய்கிறார், சங்கீதத்தின் மேல் பிரியம் வந்ததனால் இல்லை. அது எனக்குத் தெரியும். அவரும் மறைக்கவில்லை. இருந்தாலும் ரோட்டோரப் பள்ளியில் நாங்கள் வருஷம் முழுக்கச் செய்ய நினைத்தது, செய்யக் கூடாத பள்ளியில் என் கண்முன்னால் நடந்துகொண்டிருந்தது. பாராட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பி, இந்தப் பாட்டை நாளைக்குப் பத்துத் தடவை எழுதிக்கொண்டு வர வேண்டும், எழுதாதவர்கள் வெளியே நிற்க வேண்டும் என்றார். வகுப்பில் ஒரு பெருமூச்சு எழுந்தது. இம்போசிஷன் மட்டும் வேண்டாம் சார் என்று கெஞ்சினேன். எழுதாமல் படிப்பு எப்படி வரும் என்றார். கடைசியில் ஐந்து தடவைக்குச் சம்மதித்தார்.

தை பிறந்ததும் தண்ணீர் வடிந்தது. டி.சி. வாங்கிப் போனவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்து ஏரிக்கரைப் பள்ளியிலேயே சேர்ந்துகொண்டார்கள். அந்தப் பெண்ணின் மகளும் திரும்பினாள். இசை ஆசிரியர் பொங்கலுக்குப் பிறகு வரவே இல்லை. காஞ்சிபுரத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் வேலை கிடைத்துவிட்டது. அங்கே பிள்ளைகளுக்குச் சுருதி சேர்ந்ததா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. ரோட்டோரப் பள்ளியில் மிச்ச மாதங்களுக்கு அங்கே மூன்றாம் வகுப்பு எடுத்த ஆசிரியையும் நானுமாகக் கையைத் தட்டிப் பாடி ஒப்பேற்றினோம். உண்மையைச் சொன்னால், அந்த வருஷத்தில் எனக்குப் பிடித்த மாதங்கள் அவைதான்.

வருஷக் கடைசியில் தேர்வு வைத்தோம். இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் முன்னைவிட நன்றாக வாசித்தார்கள், ழகரம் வருகிற அட்டைகளைத் தவிர. இரண்டு பள்ளிக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இல்லை.

பேராசிரியையின் அறையில் அறிக்கையின் முதல் பக்கத்தைப் படித்தேன். இசை, நாடக வழிக் கற்பித்தலால் வாசிப்புத் திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை என்று இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இரண்டு பள்ளியிலும் பாட்டு இருந்தது மேடம், வேறுபாடு எப்படி இருக்கும் என்று கேட்டேன். பாடக் கூடாத பள்ளியில்தான் நன்றாகவே பாடினார்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். அதையெல்லாம் கடைசியில், ஆய்வின் வரம்புகள் என்ற பகுதியில் எழுதியிருக்கிறேன் என்றார். கடைசிப் பக்கத்தை யார் படிப்பார்கள் என்றேன். படிக்கிறவர்கள் முழுக்கப் படிக்க வேண்டும் என்றார். இதுவும் சரிதான்.

சென்னையில் ஒரு கருத்தரங்கில் அந்த அறிக்கையை வாசித்தார். முன்வரிசையில் இருந்த ஒரு கல்வி அதிகாரி, டீ வந்துவிட்ட அவசரத்தில், "அப்போ பாட்டெல்லாம் தேவையில்ல, அப்படித்தானே?" என்று கேட்டார். நான் பின்வரிசையில் எழுந்து நின்றேன். நடந்ததைச் சொன்னேன்: நடவு, சர்ச், சத்துணவு வரிசை, கரும்பலகை எல்லாவற்றையும்.  அதிகாரி கேட்டுவிட்டு, இதற்குப் புள்ளிவிவரம் இருக்கிறதா என்றார். பேராசிரியை மேடையிலிருந்தே, அந்தப் பெண் சொல்வது உண்மை, ஆனால் அதை எங்களால் எண்களில் காட்ட முடியவில்லை என்றார். அவர் அப்படிச் சொன்னதற்காக எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. எரிச்சல் மட்டும் குறையவில்லை.

அந்தத் திட்டம் அதோடு முடிந்தது. நான் ஆசிரியர் தேர்வு எழுதி அரசு வேலைக்கு வந்தேன். சில வருஷங்களுக்குப் பிறகு தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலேயே அட்டை, பாட்டு, பொம்மலாட்டம் என்று எல்லாம் வந்தன. எங்கள் அறிக்கையைப் படித்துவிட்டு யாரும் அதைக் கொண்டுவரவில்லை. படித்திருந்தால் கொண்டுவந்திருக்கவே மாட்டார்கள். என்னை வட்டார வள மையத்தில் பயிற்சியாளராகப் போட்டார்கள். பாட்டு வழியாகத் தமிழ் சொல்லித்தருவது எப்படி என்று ஆசிரியர்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

முதல் நாள் பயிற்சிக்கு உத்திரமேரூர், மானாம்பதிப் பக்கத்து ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். மின்விசிறி ஓடவில்லை. நான் வட்டமாக நிற்கச் சொன்னேன். நிற்கவில்லை. சரி என்று உட்கார்ந்தபடியே ஏரிப் பாட்டைக் கைதட்டிப் பாடச் சொன்னேன். நாலைந்து பேர் தட்டினார்கள். மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு, மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்துக்குத் தவறி வந்துவிட்டவர்களைப் போல் என்னைப் பார்த்தார்கள். நான் தனியாக முழுப் பாட்டையும் பாடி முடித்தேன். என் குரல் ஒன்றும் நல்ல குரல் இல்லை. முடிந்ததும் ஒரு மூத்த ஆசிரியர் கையைத் தூக்கினார். ஏதோ கேட்கப் போகிறார் என்று ஆவலாகப் பார்த்தேன்.

"மேடம், இந்தப் பாட்ட ஜெராக்ஸ் போட்டுக் குடுத்துடுங்க. ரெக்கார்டுல வெக்கணும்" என்றார்.

எல்லாரும் தலையாட்டினார்கள். எவ்வளவு நேரம் பாடியும் அந்தக் கூட்டத்தில் அப்படி ஒரு ஒற்றுமை வந்ததில்லை. வெயிலில் இறங்கி ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கரண்ட் இல்லை, சாயந்திரம் வாங்க என்றார்கள்.